ஒரே சங்கிலி

சுரங்க வாசலுக்கு எதிரே, சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கும் நூறு வண்டிகளின் சக்கரங்களுக்குள்ளும் ஒரே சங்கிலி ஓடுகிறது. ஸ்டாண்டுக்காரர் குஞ்சிதபாதம் அதன் பூட்டைத் திறக்க மறுக்கிறார். "ரெண்டு ஷிப்டு நின்னுச்சில்ல? ரெட்டை வாடகை வெச்சிட்டு வண்டியத் தொடு." பழுப்பு நிலக்கரித் தூள் அப்பிய சுரங்கத் தொழிலாளி தனகோட்டியின் முகத்தில் கண் மட்டும் சிவந்திருக்கிறது. "என்னை மாத்திவுட ரிலீவர் வரல, ராத்திரிலேருந்து உள்ளயே முழிச்சிகினு கெடந்தேன், இப்பதான் சங்குக்கு முன்னாடி வெளிய உட்டானுங்க. வாடகை ஒரு நாளைக்குன்னுதான போர்டு வெச்சிருக்க?" "போர்டு என்னுது. எடு காச." தனகோட்டி கால்சட்டைப் பையிலிருந்து தன் பித்தளைப் பூட்டை எடுத்து, சங்கிலியை ஸ்டாண்டுக் கம்பத்தோடு சேர்த்துப் பூட்டுகிறான். சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு தன் சைக்கிள் கேரியரில் ஏறி உட்காருகிறான். இரண்டு மணிச் சங்கு ஊதுகிறது. வாசலில் நூறு பேரின் பூட்ஸ் சத்தம் கிளம்புகிறது. "வர்றானுவோ, வண்டி எடுக்க. அவனுங்ககிட்ட போய்க் கேளு, வாடகைய."