டீச்சரின் முறை

நூலகத்தின் மாடி அறையில் ஒன்பது நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் என்று நூலகர் கறாராகச் சொல்லிவிட்டார்.

தையல்காரி டீச்சரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த நாவல்.

இந்த மாதம் எல்லோரும் படிக்க வேண்டும் என்று அதைத் தேர்ந்தெடுத்தது டீச்சர். "நீயும் வாடி, எப்பப் பார்த்தாலும் மெஷினைக் கட்டிக்கிட்டு அழறே" என்று தையல்காரியை முதல் தடவையாக இழுத்து வந்ததும் அவள்தான்.

நாவலில் இரண்டு பெண்கள். அடுத்தடுத்த வீடு, உயிர்த்தோழிகள். ஒருநாள் மத்தியானம் ஒருத்தியின் கதவை மற்றவளின் கணவன் தட்டுகிறான். உள்ளே இருப்பவளுக்கு அலுப்பு. திறக்கவில்லை. அவன் நெஞ்சுவலியில் வாசற்படியிலேயே செத்துப்போகிறான்.

தட்டிய சத்தம் தனக்குக் கேட்டதை அவள் யாரிடமும் மூச்சு விடுவதில்லை. தோழியைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். கடைசிப் பக்கத்தில்தான் வாயைத் திறக்கிறாள்.

முதலில் பேசியவர் ஓய்வுபெற்ற தபால்காரர். பாதிப் புத்தகம்தான் படித்திருந்தார், ஆனால் கருத்துக்குப் பஞ்சமில்லை. முப்பது வருஷம் கதவு தட்டியவன் சொல்கிறேன், திறக்காதவர்களை எல்லாம் கொலைகாரர்கள் என்றால் பாதி ஊர் ஜெயிலில் இருக்க வேண்டும் என்றார்.

சிரித்தார்கள். தையல்காரியும் சிரித்தாள்.

கல்லூரி மாணவி அந்தப் பெண்ணை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவள் செய்த உதவியெல்லாம் நட்பே இல்லை, தன் மனப்புண்ணுக்குத் தானே போட்டுக்கொண்ட மருந்து என்றாள்.

மருந்துக்கடைக்காரர் நாற்பதாம் பக்கத்தைப் புரட்டினார். கதவைத் திறந்திருந்தாலும் அவன் பிழைத்திருக்க மாட்டான் என்று டாக்டரே சொல்கிறாரே, இதை யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்டார்.

தையல்காரி கவனித்திருந்தாள். அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டு, அப்புறம் பயந்துபோய் அழித்தும் வைத்திருந்தாள்.

அவள் கேட்டது கதவு தட்டும் சத்தம் இல்லை. போன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். மறுநாள் கொடுக்க வேண்டிய பள்ளிச் சீருடைகள் மெஷினைச் சுற்றிக் குவிந்து கிடந்தன. டீச்சரின் வீட்டுக்காரர் கூப்பிட்டார். முதுகு பிடித்துக்கொண்டது என்று அன்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார்.

பொழுது போகாமல் கூப்பிடுகிறார், எடுத்தால் அரை மணி நேரம் விட மாட்டார் என்று போனைக் குப்புறப் போட்டாள். மறுபடி அடித்தது. மறுபடியும் அடித்தது. அவள் காலரை நேராக்கித் தைத்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பு முடியும்வரை டீச்சரின் போன் பள்ளிக்கூட அலமாரியில் பூட்டிக் கிடக்கும். அது அவருக்குத் தெரியும். அதனால்தான் இவளைக் கூப்பிட்டிருக்கிறார்.

டீச்சர் வீடு திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. குளியலறையில் விழுந்து கிடந்தார். அவருடைய போன் வாளித் தண்ணீருக்குள் கிடந்தது. அது இனி வேலை செய்யாது என்று யாரோ சொன்னதும், தையல்காரி தன் போனிலிருந்து அந்த மூன்று அழைப்புகளையும் அழித்தாள்.

அதன் பிறகு அவள் டீச்சருக்குச் செய்யாதது இல்லை. ஒரு மாதம் கூடவே தங்கினாள். காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு ஓடினாள். கூடப் பிறந்தவள்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்று தெருவே சொன்னது.

அவள் முறை வந்தது.

"கடைசியிலயும் அவ சொல்லாமலே இருந்திருக்கலாம்." புத்தகத்தை மூடிக்கொண்டாள். "சொன்னா இவ பாரம் இறங்கிடும். கேட்டவ தலையிலதானே ஏறும்."

நல்ல பாயிண்ட் என்றார் தபால்காரர். தையல்காரிக்கு இப்போதுதான் ஒழுங்காக மூச்சு வந்தது.

அடுத்தது டீச்சர். கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தாள்.

"எனக்கென்னவோ அந்தத் தோழிக்கு முதல்லேருந்தே தெரியும்னு தோணுது."

பக்கங்கள் சரசரத்தன. அப்படி எங்கே வருகிறது என்று மாணவி கேட்டாள்.

"புத்தகத்தில இல்லம்மா. புருஷன் கடைசியா யாரைக் கூப்பிட்டார்னு ஒரு பொண்டாட்டி விசாரிக்காம விடுவாளா?"

கூப்பிடவில்லை, கதவைத் தட்டினார் என்று தபால்காரர் திருத்தினார்.

"ஆமா. தட்டினார்."

தையல்காரி தலையைத் திருப்பவில்லை. மடியில் இருந்த புத்தகத்தின் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் என்ன படம் இருந்தது என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

நூலகர் விடவில்லை. எல்லாம் தெரிந்தவள் எதற்காக அவளை இத்தனை வருஷம் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும், நாலு வார்த்தை கேட்டு விரட்டியிருக்கலாமே என்றார்.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"விரட்டினா மறந்துட்டு நிம்மதியா இருந்துடுவா சார்."

நூலகர் இது நல்ல கோணம் என்று தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது, முட்டிவலிக்காரியான டீச்சர் வழக்கம்போலத் தையல்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுகவும் இல்லை, தளரவும் இல்லை.

"அடுத்த மாசமும் வருவேல்லடி?"

"வரேங்க."

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வந்த அந்த 'ங்க'வை டீச்சர் திருத்தவில்லை.