சங்கிலிப் பட்டன்

"இன்னிக்கும் கை வெச்சுட்டா பாரு!"

காலை ஆறு மணி. கம்ப்யூட்டரைத் திறந்ததும், வேலை அட்டவணை போடும் பிளானருக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

ஒரே கம்ப்யூட்டர், இரண்டு ஷிப்ட். மதியம் இரண்டு மணி வரை அவர். அதற்கப்புறம் ஜூனியரான ஒரு பெண். தொழிற்சாலையில் பாய்லரை நிறுத்திப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். நானூறு வேலைகள். எது முடிந்தால் எது தொடங்கலாம் என்று ஒன்றோடொன்று கோத்து அட்டவணை போடுவது இவர்கள் இருவர் பாடு.

திரையின் மேலே இருக்கும் அவர் டூல்பாரில் இரண்டு வேலைகளை இணைக்க ஒரு சங்கிலிப் பட்டன் உண்டு. பக்கத்திலேயே இணைப்பை அறுக்கிற பட்டன். இருபத்திரண்டு வருஷமாக அவற்றின் இடம் அதுதான்.

இன்று அறுக்கிற பட்டனைக் காணோம். தேடு தேடென்று தேடினார். மூன்றாவது மெனுவுக்குள் ஒரு குட்டி மெனு, அதற்கும் அடியில் பதுங்கிக் கிடந்தது.

"வெச்சது வெச்ச இடத்துல இருக்காது. வீட்லதான் அப்படின்னா இங்கயுமா?"

திரையில் மூக்கு இடிக்கக் குனிந்து, அதைப் பழைய இடத்துக்கு இழுத்து வந்தார். இரண்டு மாதமாக இதே கூத்து. காலையில் இவர் வைப்பார், மதியம் அவள் எடுப்பாள்.

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். "அடுக்களை டப்பாவுக்கு மாமியாரும் மருமகளும் அடிச்சுக்கிற மாதிரி இருக்குங்க."

"இதுல நான் யாரு?"

"சந்தேகமென்ன? மாமியார்தான்."

அது சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்.

இரண்டு மணிக்கு மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார்.

"ஏம்மா, அவர் டூல்பாரை எதுக்கு நோண்டறே?"

அவள் பிளானரை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள்.

"எனக்கு அப்படி இருந்தா வசதி சார்."

"உன் வசதிக்கு ஒரு சீனியரைத் தினமும் தேட விடுவியா? இனிமே தொட மாட்டேன்னு எழுதிக் குடு. விட்டுடறேன்."

"அப்படி எழுத முடியாது சார்."

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "அவ்வளவு திமிரா? நாளையிலேருந்து நீ ஸ்டோர்ஸுக்குப் போ. நட்டு போல்ட்டை எண்ணு. அங்க இருக்கிறவர் இங்க வரட்டும்."

 அவள் பையை எடுத்துக்கொண்டு தன் கடைசி ஷிப்டைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஜெயித்தாயிற்று. ஆனாலும் வீட்டுக்கு நடக்கும்போது பிளானருக்குச் சந்தோஷம் என்னவோ வரவில்லை. மறுநாள் காலை பட்டன்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. அதுவே போதும் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை ஃபோர்மேன் கையில் ஒரு தாளோடு வந்து நின்றார். தாளை மேஜைமேல் அறைந்தார்.

"என்னய்யா அட்டவணை இது? ஒன்பது மணிக்கு என் ஆளுங்க பாய்லருக்குள்ள இறங்கணுமாம். உள்ளே விஷவாயு இருக்கான்னு சோதிக்கிறது பதினோரு மணிக்காம். யாரைக் கொல்லப் பாக்கறீங்க?"

பிளானர் அவசரமாகக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். திரையைப் பார்த்தார். சோதனைக்கும் இறங்குவதற்கும் நடுவே இருந்த இணைப்பு அறுந்து கிடந்தது. அந்த வரியில் நேற்றுக் காலை அவர் வேலை செய்தது உண்மைதான். ஆனால் இணைக்கத்தானே செய்தார்?

அவருக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வந்தது: அவள் பழிவாங்கிவிட்டாள். நேராக ஸ்டோர்ஸுக்குப் போனார்.

அவள் வால்வுகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"நேத்து நான் போனப்புறம் அங்க வந்து வேலையைக் காட்டிட்டே இல்ல? பாய்லர் லிங்கை அறுத்தது நீதானே?"

அவள் கையிலிருந்த சீட்டு நழுவியது.

"யாரும் உள்ளே இறங்கிடலையே சார்?"

"ஃபோர்மேன் பார்த்துட்டார். கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள். "நேத்து அதுல வேலை பார்த்தது யாரு சார்?"

"நான்தான். இணைச்சேன்."

"அந்த ரெண்டு பட்டனும் சங்கிலிப் படம்தான் சார். ஒண்ணு முழுசு, ஒண்ணு உடைஞ்சது. ரெண்டு மாசமா உங்களுக்கு அது ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. மதியம் வந்ததும் என் முதல் வேலையே நீங்க அறுத்ததை எல்லாம் திரும்பக் கோக்கறதுதான். கோத்த பிறகுதான் ஃபோர்மேனுக்குத் தாள் போகும். புதுசா வந்தவர்கிட்டயும் சொல்லிட்டுத்தான் வந்தேன். அவர் பார்க்கலை போல."

பிளானர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கத் துணி தேடினார். கிடைக்கவில்லை.

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"வந்தேன் சார். 'இருபத்திரண்டு வருஷம் ஆச்சு, எனக்கே பாடமா'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டீங்க. சரி, பட்டனையே தூரமா எடுத்து வெச்சுடுவோம்னு பார்த்தேன். நீங்க தினமும் பக்கத்துல கொண்டுவந்துட்டீங்க."

"மேனேஜர்கிட்டயாவது வாயைத் திறந்திருக்கலாமே. இப்படி நட்டு போல்ட்டு எண்ண வேண்டாமே?"

அவள் கீழே விழுந்த சீட்டை எடுத்து வால்வில் ஒட்டினாள்.

"சொன்னா உங்களைக் கண் பரிசோதனைக்கு அனுப்பி, வேலைக்கு லாயக்கில்லைன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க சார். என்னை ஸ்டோர்ஸுக்குத்தானே அனுப்பினாங்க?"