வெறும் தண்ணீரில் வந்தது

புரதங்களின் அமினோ அமில வரிசையைக் கண்டறியும் எங்கள் லேபில், முதலில் வெறும் தண்ணீரை மெஷினில் ஓட்டுவோம். அதில் ஒன்றும் வரக்கூடாது. திங்களன்று மனித முடியின் புரதம் வந்தது.

"மர்பி டவுன் வீட்டுல தலை வாரிட்டு அப்படியே வந்துடுவியாம்மா? இன்னொரு தடவை முடி வந்தா உன் கான்ட்ராக்ட் கட்," என்றார் மேனேஜர் மஞ்சுநாத்.

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். வீடு ஓடுவதே இந்தச் சம்பளத்தில்தான். அவர் எதிரிலேயே ஒரு முடியைப் பிடுங்கினேன்.

"இத ஓட்டுங்க சார். அப்படியே உங்களுதும் குடுங்க."

அந்த அறைக்குள் போவது நாங்கள் இருவர் மட்டுமே. இருவர் முடியையும் ஓட்டினோம். ஆளுக்கு ஆள் மாறும் அமிலங்களில் ஒன்று, தண்ணீரில் வந்த வரிசையில் எங்கள் இருவருக்குமே பொருந்தவில்லை.

"சரி, நீயில்ல. அப்ப யாரு?"

புதுத் தண்ணீர் வைத்து அறையைப் பூட்டினோம். மெஷினை வெளியே இருந்த கம்ப்யூட்டரிலிருந்து ஓட்டினோம். மறுநாள் தோலின் புரதம் வந்தது. அதற்கு அடுத்த நாள், ரத்தத்தில் இருப்பது.

இன்று வந்திருப்பது கண்ணின் லென்ஸில் மட்டும் இருப்பது.

"உள்ள போய் பார்த்துட்டு வாம்மா. நாளைக்கே பர்மனென்ட் பண்றேன்."

"சாவி உங்ககிட்டதானே சார் இருக்கு? நீங்க போங்க."

அறைக் கதவில் சிறிய கண்ணாடி ஒன்று உண்டு. நாங்கள் இருவரும் அதற்கு முதுகைக் காட்டியபடி நின்றிருந்தோம்.