ஸ்பொஞ்சில் ஏறிய நஞ்சு

காற்று மாசை ஆராயும் பிரேமினிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மஸ்கெலியா குளிரில் காற்றிலுள்ள நஞ்சு தூசியில்தான் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் அவள் வைத்த காற்றுச் சோதனைக் கருவியில் தூசியைப் பிடிக்கும் தாளில் கொஞ்சம்தான் இருந்தது. வாயுவைப் பிடிக்கும் ஸ்பொஞ்சிலோ மண்டிக் கிடந்தது. நாளை மாநாட்டில் சொன்னால் பெயர் வாங்கலாம். தப்பென்றால் மானம் போகும்.

கருவியை வேலாயியின் பொறுப்பில் விட்டிருந்த தோட்டத் தொழிலாளர் லயத்துக்கே ஓடினாள்.

“வேலாயிக்கா, மெஷின யாரும் தொட்டாங்களா?”

“ஐயோ மிஸ், ஒரு புள்ளையக்கூடக் கிட்ட விடலயே!”

அப்பாடா என்று திரும்பினாள்.

“கடதாசியத்தான் கழுவ முடியல மிஸ், கிழிஞ்சிரும்னு விட்டுட்டேன்,” என்றாள் வேலாயி. “அடுத்தவங்க சாமான அழுக்காவா திருப்பிக் குடுக்கிறது? ஸ்பொஞ்ச சவுக்காரம் போட்டு அலசி, மழையில காயலேன்னு மூணு நாளு விறகடுப்புக்கு மேல தொங்கவிட்டேன்.”