ரப்பர் மேட்டுக்கு அடியில்

"டிரைவர் கால் வைக்கிற தகடும்மா. துரு புடிச்சுப் போச்சு. எந்த பிரைமர் அடிச்சா நிக்கும்?"

அரிசி மூட்டை ஏற்றும் பழைய லாரியை வாசலில் நிறுத்திவிட்டு வந்து கேட்டார் இளவரசன். ஐம்பதைத் தாண்டிய ஆள்.

ஆரணியில் குணசுந்தரி பெயிண்ட் கடை வைத்து ஒன்பது வருஷம்.

"ஓட்டை எதாவது இருக்காண்ணா?"

"கிளட்ச் பெடலுக்குக் கீழ இருந்துச்சு. தகடு வச்சு வெல்டிங் பண்ணிட்டேன். துருவையும் சுரண்டியாச்சு."

"மேல ரப்பர் மேட்டுதானே போடுவீங்க? ரெட் ஆக்சைடு போதும். விலையும் கம்மி."

"மழையில ஈரக் காலோட ஏறி இறங்கணும். மேட்டுக்கு அடியில தண்ணி தங்கும். அது தாங்குமா?"

உண்மையைச் சொன்னால், தாங்காது.

"அப்போ எபாக்சி பிரைமர். ரெண்டு டப்பாவா வரும், கலந்து அடிக்கணும். ஒரு நாள் காய விட்டு, மேல எனாமல் ரெண்டு கோட்டு. அப்புறம் துரு ஜல்தியில வராது."

"அதையே குடும்மா."

அலமாரியிலிருந்து அவள் டப்பாவை எடுக்கும்போது அவர் போன் அடித்தது. திரும்பி நின்று, குரலை இறக்கிப் பேசினார். ஆனாலும் கேட்டது.

"வெள்ளிக்கிழமை வண்டி கை மாறுதுப்பா. அதுக்குள்ள காஞ்சிடணும். மேட்டைப் போட்டு மூடிட்டா அருள்தாஸுக்கு ஒண்ணும் தெரியாது. வெல்டிங் வச்சதை நீயும் வாய் தவறிச் சொல்லிடாத."

குணசுந்தரிக்குச் சுருக்கென்றது. போன வருஷம் அவள் தம்பி ஒரு பழைய வண்டி வாங்கினான். பெயிண்ட் பளபளவென்று இருந்தது. ஒரே மாதத்தில் மேட்டைத் தூக்கினால் தகடு கையோடு வந்தது.

எடுத்த டப்பாவைத் திரும்ப அலமாரியிலேயே வைத்தாள்.

"உங்களுக்குப் பெயிண்ட் கிடையாதுண்ணா."

"இன்னாம்மா, இப்பதானே எடுத்த?"

"துருவை மறைச்சு வண்டியை அடுத்தவன் தலையில கட்டறதுக்கு என் கடை பெயிண்ட்தான் கெடைச்சுதா? வேற கடை பாருங்க."

இளவரசன் கோபப்படவில்லை.

"விக்கிறதுக்கு வண்டி என்னுதே இல்லம்மா. களம்பூர் மில்காரரோட வண்டி. நான் டிரைவர். வெள்ளிக்கிழமையோட என்னை நிறுத்திட்டாங்க. அருள்தாஸ்தான் புது டிரைவர்."

குணசுந்தரி விழித்தாள். "அப்போ ஓனர்தான் பெயிண்ட் அடிக்கச் சொன்னாரா?"

"ரெண்டு வருஷமா கேட்டுகினுதான் இருந்தேன். அடுத்த மாசம், அடுத்த மாசம்னுவார். நானே அடிக்கலாம்னா வண்டி ஒரு நாள் சும்மா நிக்கல. இப்பதான் மில்லுல மிஷின் ரிப்பேர், மூணு நாள் லீவு. இது என் கைக்காசு."

"நிறுத்தினவங்க வண்டிக்கு நீங்க ஏன் செலவு பண்றீங்க?"

"அந்த ஓட்டை வழியா இன்ஜின் புகை நேரா மூஞ்சிக்கு வரும்மா. களம்பூர்ல ஏறி வேலூர் போய்ச் சேர்றதுக்குள்ள நெஞ்சு அடைச்சிக்கும். பெரிய பேஜார். வெல்டிங் மட்டும் வச்சு விட்டா துரு திரும்ப ஓட்டை போட்டுடும். எனக்குக் கவலை இல்ல, கண்ணமங்கலத்துல ஸ்கூல் வேன் ஓட்டக் கூப்பிட்டிருக்காங்க. அடுத்து வர்றவன் சின்ன வயசுக்காரன்."

குணசுந்தரி டப்பாக்களை இறக்கினாள். கூடவே இரண்டு பிரஷ் எடுத்துப் பையில் போட்டாள். பிரஷ்ஷுக்கு அவர் நீட்டிய காசை வாங்கவில்லை.

"மன்னிச்சிடுங்கண்ணா. ஆனா நல்லது செய்றதை அவருக்கு ஏன் மறைக்கணும்?"

"தெரிஞ்சா கூசிப் போவான். வண்டியில ஏறவே தயங்குவான்."

"எதுக்குக் கூசணும்? அவர் உங்களுக்குச் சொந்தமா?"

பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிய இளவரசன் திரும்பிப் பார்த்தார்.

"சொந்தம்லாம் இல்லம்மா. எனக்குக் கண்ணு மங்கிப் போச்சுன்னு ஓனர்கிட்ட இல்லாததைச் சொல்லி, என் வேலையைக் கேட்டு வாங்கினவன். வேலையைத்தானே கேட்டான்? அந்தப் புகையைக் கேக்கலியே."