கம்பி கழற்றும் நாள்

"பேஷண்ட் யாரும்மா? பேத்தியா? கூட்டிட்டு வரலையா?"

வரவேற்பு மேஜையில் இருந்த பெண் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. எதிரே நின்ற அம்மாளுக்கு அறுபத்தாறு வயதிருக்கும். பதிலுக்குச் சிரித்தாள். மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டிலும் கம்பி. ஊதா நிறத்தில் குட்டிக் குட்டி ரப்பர் வளையம்.

"ஐயோ, நீங்கதானா! மன்னிச்சுக்கோங்கம்மா."

"எதுக்கு மன்னிப்பு? பள்ளிக்கூடப் பசங்களுக்கு நடுவுல நான் ஒருத்தி இப்படி வந்து நின்னா யாருக்கும் அப்படித்தான் தோணும்."

"இந்த வயசுல ஏம்மா கம்பி?"

"பல்லு கோணலா இருந்துச்சு."

"இத்தனை வருஷமும் கோணலாத்தானே இருந்திருக்கும்?"

"இருந்துச்சு. அப்ப வீட்டுல பேச ஆள் இருந்தாங்க. பல்லைப் பாக்க நேரம் ஏது?"

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு போன் பண்ணியிருந்தா வேற தேதி குடுத்திருப்பேனே. இந்த மழையில எதுக்கு?"

"நாலாவது செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி. இடியே விழுந்தாலும் வந்துடுவேன்."

"அதுவும் சரிதான். எங்க டாக்டர்கிட்ட தேதி வாங்கறது லேசுப்பட்ட காரியமா? காலையில ஏழு மணிக்கு இன்னொரு கிளினிக். அப்புறம் ராத்திரி வரைக்கும் இங்க. ஞாயித்துக்கிழமைகூட வெளியூர் முகாம். மாசத்துக்கு இருபது நிமிஷம் உங்களுக்குக் கிடைக்கறதே பெரிசும்மா."

"பெரிசுதான்," என்றாள் அந்த அம்மாள்.

உள்ளே நான்கு நாற்காலிகள். மூன்றில் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தார்கள். நர்ஸ் இவளைப் பார்த்ததும் கையைத் தட்டினாள்.

"வந்தாச்சு நம்ம நிரந்தர பேஷண்ட்! மத்தவங்களுக்குப் பதினெட்டு மாசம், இவங்களுக்கு இருபத்தாறு. ஏழு தடவை கிளிப் உடைஞ்சிருக்கு. இன்னைக்கு எதைக் கடிச்சீங்க? போன தடவை ஐஸ் கட்டி."

"இன்னைக்கு ஒண்ணும் உடையலம்மா," என்றாள், ஏதோ தப்புச் செய்துவிட்டவள் போல.

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே வந்தார். "வாங்கம்மா, சாய்ஞ்சுக்கோங்க."

"இளைச்சுட்டியேப்பா."

"பாக்கறவங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. வாயைத் திறங்க."

உதடுகளை விரித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தை மாட்டினார். விளக்கை இழுத்தார்.

"சாப்பாடெல்லாம் எப்படிம்மா? நல்லா தூங்கறீங்களா?"

"ஆ... ஆ..."

"நல்லது, நல்லது."

"வாயைப் பிளந்து வச்சுட்டுக் கேள்வி கேட்டா எப்படிச் சொல்வாங்க டாக்டர்?" என்றாள் நர்ஸ். டாக்டர் சிரித்தார். வளையத்தைக் கழற்றி, அந்த அம்மாள் சொல்ல வாயெடுத்தபோது, அவர் பக்கத்து நாற்காலிப் பையனின் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பியவர் சொன்னார்: "முடிஞ்சுதும்மா. இன்னைக்கே கழட்டிடலாம்."

"இன்னைக்கேவா?" நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "கீழ இடது பக்கம் ஒண்ணு இன்னும் லேசா திரும்பியிருக்கு பாருப்பா."

சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். "எத்தனை நேரம் தேடி இதைக் கண்டுபிடிச்சீங்க? நூல் பிடிச்ச மாதிரி இருக்கும்மா."

"இன்னும் ஒரு ரெண்டு மாசம் இருந்துட்டுப் போகட்டுமே."

"இந்தக் கம்பி நாலு மாசமா சும்மாதான் கிடக்கு, இழுக்கறதுக்கு ஒண்ணுமில்ல. இனிமேலும் வச்சிருந்தா இடுக்குல அழுக்கு சேந்து பல்லு சொத்தையாயிடும். எல்லாரும் எப்படா கழட்டுவீங்கன்னு உயிரை எடுப்பாங்க. நீங்க என்னடான்னா..."

அவள் வாயைத் திறந்தாள். வேறு வழியில்லை.

இடுக்கி ஒவ்வொரு கிளிப்பாகப் பெயர்த்தது. கட். கட். ஒவ்வொன்றும் எவர்சில்வர் தட்டில் விழுந்தது. பசையைச் சுரண்டி, பல்லைத் தேய்த்து மினுக்கி, அச்சும் எடுத்து முடித்தார்கள். நர்ஸ் கைக்கண்ணாடியை நீட்டினாள்.

"சிரிங்கம்மா! கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கீங்க."

கண்ணாடியில் பல் தெரிந்தது. தோளுக்குப் பின்னால், அடுத்த நாற்காலிக்குப் போய்க்கொண்டிருந்த வெள்ளைக் கோட்டும் தெரிந்தது.

வரவேற்பு மேஜைக்கு வந்தபோது அவள் நாக்கு பல்வரிசையைத் தடவிக்கொண்டே இருந்தது. வழுவழுவென்று யாருடைய வாயோ போல இருந்தது.

"ரீட்டெய்னர்னு ஒரு பிளாஸ்டிக் உறை தருவோம்மா. தினமும் ராத்திரி மாட்டிக்கணும். இல்லைன்னா பல்லு பழைய இடத்துக்கே போயிடும்."

"போயிடுமா?" அவள் முகம் சட்டென்று மலர்ந்தது. "அப்ப மறுபடியும் கம்பி போடுவாங்களா?"

"சேச்சே, பயப்படாதீங்க. உறையை ஒழுங்கா மாட்டினா அந்த வேலையே வராது. இனிமே ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினாப் போதும்."

"ஆறு மாசமா?"

"ஆமாம்மா. உங்களுக்கு விடுதலை!"

"அந்த உறையை வாங்க எப்ப வரணும்?"

"வெள்ளிக்கிழமை ரெடியாயிடும். அதுக்குன்னு நீங்க ஏன் அலையணும்? கூரியர்ல அனுப்பிடறேன்."

"நானே வந்து வாங்கிக்கறேனே."

"வேணாம்மா, மழையா இருக்கு. எங்க அம்மாவா இருந்தா அலைய விடுவேனா?" அந்தப் பெண் அன்பாகப் பேனாவை எடுத்தாள். "அட்ரஸ் சொல்லுங்க."

"இதே கட்டடம். ரெண்டாவது மாடி."

பேனா நின்றது. "ரெண்டாவது மாடியில எங்க டாக்டரோட வீடு மட்டும்தானேம்மா இருக்கு?"

"ஆமா. ஆனா அங்க அவன்கிட்ட அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறதில்லம்மா," என்றாள், டாக்டரைப் பெற்றவள்.