கனமான ஸ்டாண்டு

“ஏனுங்க ராவுத்தரே, இந்தக் குழாய்ல சனியோட வளையம் தெரியுமுங்களா?”

பாலக்காட்டுச் சித்தூர்க் கடையில் அப்போது மூன்று பேர் இருந்தார்கள்: பழைய சாமான் வியாபாரி மொய்து ராவுத்தர், அவர் மனைவி ஐசும்மா, எருத்தேன்பதியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த பழனிச்சாமி. தொலைநோக்கியைத் தொட்டுப் பார்த்தபடி கேட்டது பழனிச்சாமி.

“நல்லாத் தெரியுமுங்ணா. வண்டிப்பெரியாறு பங்களா தொரை சீமைக்குப் போறப்ப ஏலத்துல எடுத்தது. கண்ணாடில ஒரு கீறல் இல்லை. நீங்க ஸ்டாண்டைத்தான் யோசிக்கணும்.”

ஸ்டாண்டு இரண்டு இருந்தன. ஒன்று மரத்தில், மூன்று காலோடு. இன்னொன்று இரும்பு, பக்கவாட்டில் ஒரு எடைக்கல் தொங்கியது.

“மொதல்மொதலா வாங்கறவங்களுக்கு மரந்தான் சரி. மேல கீழ திருப்பலாம், பக்கத்துல திருப்பலாம். ஒத்தை ஆளே தூக்கிரலாம்.”

“இரும்பு?”

“தொல்லைங்ணா. அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேரா நிறுத்தணும். நம்ம பக்கம் அது ரொம்பத் தாழத் தெரியும். நிறுத்திட்டா, ஒரு திருகைச் சுத்தினாப் போதும், குழாய் நட்சத்திரத்தோட கூடவே போகும். ஆனா அது பழகினவன் வேலை. நானே வந்து, இருட்டற வரைக்கும் இருந்து, நிறுத்திக் குடுத்தாத்தான் உண்டு.”

“நீங்களே வருவீங்களா?”

“பெரிய சாமான் வித்தா ஊட்டுக்கே வந்து மாட்டிக் குடுக்கறது நம்ம கடை வழக்கம்.”

“அப்ப இரும்பே குடுங்க.”

ஐசும்மா சிரித்தாள். “தொரையே அதைத் திட்டிக்கிட்டேதான் தூக்குவாராம். ஊட்டுல அக்கா ஏச மாட்டாங்களா?”

“அவ போயி நாலு வருசமாச்சுங்க. பையன் பம்பாயில. ராத்திரி தூக்கம் வர்றதில்ல. இந்த ராத்திரியை எப்படியாச்சும் தள்ளணும், அதுக்குத்தான்.”

ஐசும்மா உள்ளே போய்விட்டாள். மொய்து இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். “கனமானதை வாங்கினவங்க நாலு நாள்ல மூலைல போட்டுருவாங்க. சின்னதுன்னா தெனமும் எடுப்பீங்க.”

“இரும்புதான் வேணும்.”

மறுநாள் சாயங்காலம் மொய்து சாமானோடு மாட்டு வண்டியில் எருத்தேன்பதி வந்து இறங்கினார். நிலக்கடலைக் காட்டு நடுவே ஒற்றை வீடு. வண்டிக்காரன் திரும்பிப் போய்விட்டான்.

“வெளியிலயே வெச்சிரலாமுங்ணா. வானம் அங்கதான இருக்குது?”

“மொதல்ல உள்ள வாங்க. ஒரு சாயா குடிக்கலாம்.”

இருவருமாக இரும்பைத் தூக்கிக் கூடத்தில் இறக்கினார்கள். நிமிர்ந்தபோதுதான் மொய்து பார்த்தார். சுவரோரம் தையல் மெஷின், ஆளுயர ரேடியோ, பத்துப் பேருக்கு மாவாட்டும் கிரைண்டர். எல்லாம் பொருத்தியபடியே இருந்தன. எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரி தூசி.

“ஒத்தை ஆளுக்கு இதெல்லாம் எதுக்குங்ணா?”

“எல்லாத்தையும் மாட்டிக் குடுக்க ஆளுக வந்தாங்க,” என்றார் பழனிச்சாமி. “வேலை முடிஞ்சதும் போயிட்டாங்க.”

பிறகு மொய்துக்குப் பின்னால் கதவைச் சாத்தி, உள்ளே இருந்து பூட்டினார்.